பூட்டிய வீட்டில் மாத்திரை டப்பா யார் கையில்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சமதரையில் நிற்கும் வீடு அங்கே குறைவு. 1960களில், இனவாரியாக ஊரைப் பிரித்த சட்டத்தின் பேரில், இந்திய வம்சாவளியினரான நம் மக்களைப் பழைய இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குன்றுச் சரிவுகளில் வரிசை வரிசையாகக் குடியேற்றிய ஊர் அது. சாலையிலிருந்து சில வீடுகளுக்குப் படி இறங்க வேண்டும், சிலவற்றுக்கு ஏற வேண்டும். ரொட்டி வாங்க, கோயிலுக்குப் போக, கிளினிக்குக்கு டாக்சி வேன் பிடிக்க என்று எழுபது வயதுப் பாட்டிகள், நம் பேச்சில் ஆயாக்கள், அந்தப் படிகளை நாளுக்கு ஒருமுறையாவது ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். 2020 மார்ச் 26 நள்ளிரவில் நாட்டில் கொரோனா ஊரடங்கு வந்தபோது முதலில் நின்றது அந்தப் படியேற்றம்தான்.

பிள்ளைகள் பயந்தார்கள். பயந்ததில் ஒரு தவறும் இல்லை. நாட்டின் முதல் தொற்று மார்ச் 5 அன்று நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில்தான் தெரியவந்தது; வயதானவர்களைத்தான் இந்த நோய் அதிகம் கொல்கிறது என்பதும் அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் பயத்தில் நோயை மட்டும் வெளியே நிறுத்தாமல், ஆயாவின் கையிலிருந்த கரண்டி, பர்ஸ், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிட்டார்கள். “நீங்க சும்மா உட்காருங்க ஆயா, நாங்க பார்த்துக்கிறோம்” என்பது அன்பான பேச்சுதான். ஆறு மாதம் அந்தப் பேச்சைக் கேட்டு உட்கார்ந்த பெரியவர்கள் பலரால் பிறகு நாற்காலியிலிருந்து தனியாக எழ முடியவில்லை. வெளியே போவதும் வரிசையில் நிற்பதும் இளையவர் வேலை. வீட்டுக்குள் தன் உடம்பையும் காசையும் பற்றிய தீர்மானம் பெரியவருடையது. இந்தப் பிரிவினை சரியாக இருந்த வீடுகளில் பெரியவர்கள் தேறினார்கள் என்பதே என் கணிப்பு. கீழே எழுதுவதெல்லாம் அதற்கான வழிமுறைகள்தான்.

பென்ஷனில் தொடங்குவோம். அறுபது வயதானவர்களுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, அரசின் சமூக உதவித்தொகை நிறுவனமான சாசா வழங்கும் முதியோர் தொகை 2020 ஏப்ரலில் 1,860 ராண்ட். 75ஐத் தாண்டியவர்களுக்கு 20 ராண்ட் கூடுதல். மே முதல் அக்டோபர் வரை மாதம் 250 ராண்ட் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏப்ரல் தொகையை முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும் மார்ச் 30, 31லேயே போட்டுவிட்டார்கள், கூட்டம் பிரியட்டும் என்று. இருந்தும் அந்த நாள்களில் கடை வாசலில் வரிசை சாலை வரை நின்றது. காரணம் ஒரு பழைய அச்சம்: அன்றைக்கே எடுக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும் என்ற நினைப்பு. கணக்கில் விழுந்த பணம் அன்றோடு ஓடிப்போகாது. மூன்று நாள் கழித்துப் போனால் வரிசை பாதிகூட இருக்காது. அதோடு ஏ.டி.எம்மில்தான் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. பெரிய மளிகைக் கடைகளில் சாமான் வாங்கும்போதே பணம் கட்டும் இடத்தில் அட்டையைக் கொடுத்து மீதியை ரொக்கமாக வாங்கலாம். ஒரே நிறுத்தத்தில் இரண்டு வேலையும் முடியும்.

பேரன் அட்டையை எடுத்துப்போவதாக இருந்தால் மூன்று காரியம் தவறக் கூடாது. ரகசிய எண்ணை அட்டையின் உறையில் எழுதி வைக்கக் கூடாது. எண்ணை மூன்று தடவை தப்பாக அழுத்தினால் அட்டை முடங்கிவிடும். அப்போது பெரியவர் அஞ்சலகத்துக்கு நேரில் போய்த்தான் தீர வேண்டியிருந்தது, எதைத் தவிர்க்க இத்தனையும் செய்தோமோ அதுவே நடந்தது. திரும்பி வந்ததும் கடைச் சீட்டையும் நோட்டுகளையும் மேசைமேல் வைத்து, ஆயாவே எண்ணி, ஆயாவே நோட்டில் எழுத வேண்டும். பார்வை மங்கலாக இருந்தால் அவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதட்டும். எண்ணுகிற வேலையைப் பறித்த வீடுகளில்தான் மூன்றாம் மாதம் “என் காசு எங்கே போகுது?” என்ற சந்தேகம் வந்தது. அது மறதி நோயின் அறிகுறி என்று பிள்ளைகள் பதறினார்கள். நியாயமான கேள்விதானே அது? இத்தனை வருஷம் தானே கட்டியாண்ட காசு.

ஒரு மோசடியையும் சொல்லியாக வேண்டும். ஊரடங்கு தொடங்கும் முன்பே, மார்ச்சில், வங்கியிலிருந்து வருகிறோம், கிருமி பட்ட நோட்டுகளைத் திரும்பப் பெறுகிறோம் என்று சிலர் வீடு வீடாகப் போனார்கள். அப்படி எந்த நோட்டையும் திரும்பப் பெறவில்லை என்று ரிசர்வ் வங்கியே அறிவிக்க வேண்டியிருந்தது. தனியாக இருக்கும் பெரியவர் மனத்தில் ஒரு வரி பதிந்திருந்தால் போதும்: பணத்துக்காக எந்த அலுவலகமும் வாசலுக்கு வராது, போனில் எண் கேட்காது.

இனி மாத்திரை. ஊரடங்கில் முதியவர்களின் அன்றாடம் அதிகம் ஆட்டம் கண்டது இங்கேதான், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரசு கிளினிக்கில் தரும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் பெரும்பாலும் 28 நாள் கணக்கு. 28 நாள் என்பது ஒரு மாதம் இல்லை. வருஷத்துக்கு 12 முறை வாங்கினால் போதாது, 13 முறை வாங்க வேண்டும். பென்ஷன் நாளோடு சேர்த்து மருந்தும் வாங்கிப் பழகியவருக்கு 31 நாள் மாதத்தில் மூன்று நாள் துண்டு விழும். முன்பு கிளினிக்குக்கு ஒரு நடை போய் அதைச் சரிக்கட்டிவிடுவார்கள். ஊரடங்கில் அது முடியாததால், ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்து நாளைக் கூட்டினார்கள். சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது. மெல்ல மெல்லக் கரையும்படி செய்த சர்க்கரை மாத்திரையை உடைத்தால் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். ஆகவே காலண்டரில் மருந்து தீரும் நாளை எழுதுவதோடு அதற்கு ஏழு நாள் முன்னால் இன்னொரு வட்டம் போடுங்கள். போக வேண்டிய நாள் அந்த முதல் வட்டம்தான்.

நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மருந்தை முன்கூட்டியே பொட்டலம் கட்டி, மருந்துக்கடை போன்ற பக்கத்து மையத்தில் வாங்கிக்கொள்ளச் செய்யும் அரசுத் திட்டம் ஊரடங்குக்கு வெகு முன்பே இருந்தது. வாங்கத் தகுதி இருந்தும் வயதானவர்கள் பலர் அதில் சேராமல் ஆஸ்பத்திரி வரிசையிலேயே நின்றார்கள், நர்ஸ் முகத்தைப் பார்த்தால்தான் நிம்மதி என்று. அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் நாலு மணி நேர வரிசைக்கும் பத்து நிமிட வரிசைக்கும் உள்ள வித்தியாசம் தொற்றுக் காலத்தில் மிகப் பெரிது. கிளினிக் அட்டையில் இருக்கும் போன் எண் இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பொட்டலம் வந்துவிட்டது என்ற குறுஞ்செய்தி மூன்று வருஷத்துக்கு முன் தொலைந்த போனுக்குப் போய்க்கொண்டிருப்பது சாதாரணமாக நடக்கிறது.

அடுத்த ஆபத்து நிறம். அரசு ஒப்பந்தம் மாறும்போது அதே மருந்து வேறு கம்பெனியிலிருந்து வரும். போன மாதம் வெள்ளை வட்டம், இந்த மாதம் மஞ்சள் நீள்வட்டம். மருந்து கொடுப்பவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முகக்கவசத்தோடு சொல்வது காதில் விழாது. வீட்டுக்கு வந்து, மஞ்சளைப் புது மருந்து என்று நினைத்து, மிச்சமிருக்கும் வெள்ளையோடு சேர்த்துப் போடுவார்கள். இரண்டு மடங்கு பிரஷர் மாத்திரை. காலையில் எழுந்ததும் தலை சுற்றி விழுவார்கள். இதற்கு மருந்தின் உண்மைப் பெயரைப் பார்க்க வேண்டும். பெட்டியின்மேல் கம்பெனிப் பெயர் பெரிதாகவும், மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அடியில் சிறிதாகவும் இருக்கும். அம்லோடிபின் 5, எனலாபிரில் 10, மெட்ஃபார்மின் 850 என்று அந்தச் சின்ன எழுத்தைத் தடித்த பேனாவில் பெட்டியின்மேல் எழுதிவிட்டால் நிறம் மாறினாலும் குழப்பம் இல்லை.

வாரத்துக்கு ஏழு பத்தி, நாளுக்கு நாலு குழி உள்ள பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். ஞாயிறு காலை, ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைத் துண்டு ஒன்றை மேசைமேல் விரித்து நிரப்ப வேண்டும். விழும் மாத்திரை உருண்டோடாது, கண்ணுக்கும் தெரியும். ஒரு மருந்தை எடுத்து ஏழு நாளுக்கும் போட்டு முடித்து, பெட்டியை மூடி வலப்பக்கம் வைத்துவிட்டு அடுத்த மருந்து. ஒரு நாளுக்கு எல்லா மருந்தையும் போட்டு, பிறகு அடுத்த நாள் என்று போனால் நடுவில் யாராவது கூப்பிட்டாலே கணக்கு தப்பும். பெரியவர் போட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் பட்டியலை வாசிக்க வேண்டும். இது மாறிவிடக் கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை மட்டும் டப்பாவுக்குள் போகக் கூடாது. அது வந்த புட்டியிலேயே, இரவில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கணவன் மனைவி இருவருக்கும் பிரஷர் என்றால் இரண்டு நிறத்தில் இரண்டு டப்பா. இருவர் மருந்தும் ஒன்றுதானே என்று பங்கு போட்டுக்கொண்டு, கடைசி வாரம் இருவருக்குமே இல்லாமல் போன வீடுகள் உண்டு.

2020 மார்ச்சில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது, எனலாபிரில் வகை மாத்திரை கொரோனாவை மோசமாக்கும் என்று. அதை நம்பி நிறுத்தியவர்கள் இருந்தார்கள். இதய மருத்துவர்களின் சங்கங்கள் அந்த மாதமே, நிறுத்த ஆதாரமில்லை, தொடருங்கள் என்றன. பிரஷர் மாத்திரையைத் திடுமென நிறுத்தினால் வரும் பக்கவாதம் ஊரடங்குக்காகக் காத்திருக்காது.

வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால் பாதிக் கவலை தீரும், ஒழுங்காகப் பார்த்தால். ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை பார்த்துப் பயந்துகொண்டிருப்பதில் பயன் இல்லை. டீ, காப்பி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல், பேசாமல் ஐந்து நிமிடம். துணியை மடித்துவிட்டு வெறும் கையில், முழங்கைக்கு இரண்டு விரல் மேலே பட்டை. கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து எழுதுங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். கருவியோடு வரும் பட்டை எல்லாக் கைக்கும் ஆகாது.

சர்க்கரைக்காரர்களுக்கு ஊரடங்கில் வந்த ஆபத்து கூடுவதைவிடக் குறைவதில் இருந்தது. முன்பு காலை ஏழு மணிக்குச் சாப்பிட்டவர், செய்ய ஒன்றுமில்லை என்று ஒன்பதுக்கு எழுந்து, மாத்திரையை மட்டும் பழைய நேரத்துக்குப் போட்டார். கிளிபென்கிளமைட், கிளிகிளசைட் போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு வரும் வரை பொறுத்திராது. வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம் வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அரைக் கிளாஸ் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துப் பார்த்து, தேறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. தேறியதும் ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரட்டாசி விரதம் பிடிக்கும் நம் பெரியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சைவம் சாப்பிடுவதில் ஆபத்து இல்லை. வேளை தவறுவதில்தான் ஆபத்து. பட்டினி விரதம் என்றால் மாத்திரையைப் பற்றி முதல் வாரமே கிளினிக்கில் கேட்டுவிடுங்கள்.

பிரிக்காத இன்சுலின் பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், கதவில் இல்லாமல் நடுத்தட்டில். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது. லோட் ஷெடிங் வருகிறதே என்று ஐஸ் பெட்டிக்குள் வைத்து வீணாக்காதீர்கள். இரண்டு மூன்று மணி நேர மின்வெட்டில், கதவைத் திறக்காமல் இருந்தால், பிரிட்ஜே குளிரைக் காக்கும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. அந்த மாதங்களில் டின் மீன் கறியும் ஊறவைத்த பீன்ஸும்தான் பெரும்பாலான வீட்டைக் காப்பாற்றின, நல்லதே. டின் மீனின் தக்காளிச் சாறில் ஏற்கனவே உப்பு இருக்கிறது. கொதித்தபின் ருசி பார்த்துவிட்டு மட்டும் உப்புப் போடுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் டீயும் பிஸ்கட்டுமாக ஒப்பேற்றுவார்கள், அதைக் கண்காணிக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம்தான். தாகம் வயதில் மங்கிவிடும் என்பதால், இதயம், சிறுநீரகம் காரணமாக டாக்டர் அளவு சொல்லியிருந்தாலொழிய, காலையிலேயே ஒரு லிட்டர் சாடியை மேசைமேல் வைத்து, சாயங்காலத்துக்குள் காலியாக வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள்.

முதல் ஐந்து வாரம் நடைப்பயிற்சிக்குக்கூட வாசலைத் தாண்டக் கூடாது. மே 1 முதல் காலை 6 முதல் 9 வரை, வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் நடக்கலாம் என்றார்கள். மே மாதம் டர்பனில் சூரியன் தலைகாட்ட ஆறரை ஆகிவிடும். இருட்டில், பனி ஈரத்தில், சரிவான சாலையில் வயதானவர்கள் என்னத்தை நடப்பார்கள்? எட்டு மணிக்குமேல்தான் அவர்களுக்கு ஏற்ற நேரம்.

கால் தசை எவ்வளவு வேகமாகக் கரையும் என்பது பலருக்குத் தெரியாது. 2007ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போயிருந்தது. வீட்டில் உட்கார்ந்திருப்பது படுக்கை அளவுக்கு மோசமில்லை, ஆனால் ஊரடங்கு பத்து நாளில் முடியவில்லையே.

அதற்கு மருந்து சமையலறையிலேயே இருக்கிறது. சக்கரம் இல்லாத உறுதியான நாற்காலி, உட்காரும் பலகை முழங்கால் உயரம், அதாவது 43 முதல் 45 சென்டிமீட்டர். முதுகுப் பக்கம் சுவரோடு ஒட்டி வையுங்கள். நுனிக்கு நகர்ந்து, பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிந்து எழ வேண்டும். பெரும்பாலோர் குனியாமல் நேராக எழப் பார்ப்பார்கள், அதனால்தான் பின்னால் விழுகிறார்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனத்துக்குள் நாலு எண்ணி மெல்ல இறங்குங்கள். தசைக்குப் பாதி வேலை அந்த இறக்கத்தில்தான். ஐந்து முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி ஐந்து. நாளுக்கு மூன்று வேளை. ஆரம்பத்தில் கையை ஊன்றலாம். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, பத்து முறை. பல் துலக்கும்போது வாஷ்பேசினை ஒரு கையால் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கு அவ்வளவுதான். இதைப் ‘பயிற்சி’ என்று சொன்னால் நம் ஆயாக்கள் சிரித்துவிட்டு டீ போடப் போய்விடுவார்கள். பருப்பு வேகும் வரை, கெட்டில் கொதிக்கும் வரை என்று ஏதாவது ஒரு வேலையோடு கட்டிவிட்டால் தானாக நடக்கும். கரண்டியை அவர்களிடமே விடுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சமைப்பவர் நிற்கிறார், குனிகிறார், எட்டி எடுக்கிறார்.

முகக்கவசம் வந்தபின் காது கேளாமை வெளிப்பட்டது. வாயசைவைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொண்டிருந்தவர்கள் தனித்துப்போனார்கள். கத்திப் பேசினால் சொல் தெளியாது. எதிரே நின்று, மெதுவாக, ஒரு நேரத்தில் ஒரு செய்தி. காதுக் கருவி போட்டவர்களுக்குக் காதில் மாட்டும் கவசம் வேண்டாம். கழற்றும்போது நாடா கருவியையும் இழுத்துக்கொண்டு போய், டாக்சி வேனில், கடை வாசலில் எங்கோ விழுந்துவிடும். தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடும் கவசம் தைத்துக் கொடுங்கள்.

உறவினர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்குத் தடை ஆகஸ்ட் 18 வரை இருந்தது. ஏப்ரல் 10 புனித வெள்ளி. மவுன்ட் எட்ஜ்கம்பிலும் இசிபிங்கோவிலும் மாரியம்மனுக்கு அந்த ஈஸ்டர் நாள்களில் கூட்டம் அலைமோதும். அந்த வருஷம் திருவிழா இல்லை. ஆடிக் கஞ்சிக்கும் அண்டா அடுப்பேறவில்லை, அவரவர் வீட்டில் சின்னச் சட்டியில் காய்ச்சினார்கள். எல்லாம் போனுக்குள் வந்தது. பெரியவருக்குப் போனை ஒழுங்கு செய்து தருவது அரை மணி வேலை: எழுத்தைப் பெரிதாக்குங்கள், முதல் திரையில் நாலு முகம் மட்டும் வையுங்கள், தானாக இறங்கும் வீடியோவை நிறுத்துங்கள். கடைசியானதைச் செய்யாவிட்டால் காலை வணக்கப் படங்களே மாத டேட்டாவைத் தின்றுவிடும். வாட்ஸ்அப் குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்கூட ஆகாது, வீடியோவுக்கு அதைப்போலப் பல மடங்கு. தினமும் குரலில் பேசி, ஞாயிறு மட்டும் முகம் பார்த்தால் கட்டுப்படியாகும். தினமும் ஒரே நேரத்தில் அழையுங்கள். அந்த நேரத்துக்கு ஆயா முகம் கழுவி, தலை வாரிக் காத்திருப்பார், அதுவே ஒரு வேலை. “சாப்பிட்டீங்களா?” என்பதோடு முடிக்காமல், ஏதாவது கேட்டு வாங்குங்கள்: பீன்ஸ் கறிக்கு எத்தனை மிளகாய், அத்தை கல்யாணம் எந்த வருஷம்.

சாவுச் செய்தி எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதை வீட்டில் முன்கூட்டிப் பேசிவைப்பது நல்லது. கூடப் பிறந்தவர் போனதை வாட்ஸ்அப் குழுவில் மலர்வளையப் படத்தைப் பார்த்து ஒரு பெரியவர் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும், பிறகுதான் குழுவில் போடுவது. அப்போது இறுதிச் சடங்குக்கு 50 பேர் என்று வரம்பு இருந்தது, உடலருகே இரவு விழித்திருக்கத் தடை. கிளேர் எஸ்டேட் மயானத்துக்குப் போக முடியாத முதியவருக்கு நேரலைதான் கடைசி முகமாக இருந்தது. இணைப்பை 20 நிமிடம் முன்னால் சோதியுங்கள். போனைப் படுக்கைவசமாக அரிசி டின்மேல் சாய்த்து, சார்ஜில் போட்டு, ஒலிபெருக்கியோடு இணைத்துவிடுங்கள். சின்னத் திரையில் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, “இப்போ தீபம் காட்டுறாங்க, இப்போ வாய்க்கரிசி போடுறாங்க” என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கையில் பிடி அரிசியும் பூவும் கொடுங்கள், படத்துக்கு முன்னால் அவரும் போடட்டும். பதினாறாம் நாள் விளக்கையும் அவரே ஏற்றட்டும்.

வீட்டுக்குள் நோய் வந்துவிட்டால். முதியவருக்குக் காய்ச்சல் வராமலே கொரோனா வரலாம். திடீரென்று குழப்பமாகப் பேசுவது, காரணமின்றி விழுவது, சாப்பாட்டை ஒதுக்குவது மட்டுமே அறிகுறியாக இருப்பதுண்டு. வயசாகிவிட்டது என்று கடந்துபோகாதீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியில் 95க்கு மேல் இருந்தால் நல்லது, அதற்குக் கீழே வந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், 90க்குக் கீழே என்றால் உடனே ஆஸ்பத்திரி. குளிர்ந்த விரல், நகப்பூச்சு, மருதாணி இவை அளவைக் கெடுக்கும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, மேசைமேல் அசையாமல் வைத்து, எண் ஒரு நிமிடம் நிலைத்தபின் எழுதுங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2021 பிப்ரவரியில் எச்சரித்தது. நம் தோலுக்கு இது முக்கியமான செய்தி: 95க்கு மேல் காட்டினாலும் மூச்சு வாங்கினால் மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டு அறை, ஒரே கழிப்பறை உள்ள வீட்டில் தனிமைப்படுத்து என்று சொல்வது எளிது. நோயாளி கடைசியாகப் போகட்டும், ஜன்னல் அரை மணி திறந்திருக்கட்டும், அதன்பின் கைபடும் இடங்களை ஜிக் என்ற ப்ளீச்சின் கரைசலால் துடைக்கலாம். 3.5 சதவீத ஜிக் 30 மில்லி, அதாவது ஆறு டீஸ்பூன், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில். வெந்நீரில் கலந்தால் வீரியம் போய்விடும், மறுநாளுக்கு வைத்தாலும் போய்விடும். கழிப்பறை ஆசிடோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும், ஒருபோதும் கூடாது. ஆவி பிடிப்பதைப் பற்றி: கிருமியை அது கொல்லாது, மூக்கடைப்புக்கு இதம் தரும், அவ்வளவே. கை நடுங்கும் வயதில் கொதிக்கும் பாத்திரத்தை மடியருகே வைத்துப் போர்வைக்குள் குனிவது வெந்துபோகும் வழி.

ஆம்புலன்ஸ் எண் 10177, கைப்பேசியிலிருந்து 112. துணைக்கு ஆள் விடாமல் போகலாம் என்பதால் பை ஒன்று தயாராக இருக்க வேண்டும். அடையாள அட்டை, கிளினிக் அட்டை, மருந்துப் பட்டியல், சார்ஜர், மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, பல்செட்டுக்கு மூடியுள்ள டப்பா. ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி. கண்ணாடியும் பல்லும் இல்லாத பெரியவரை வார்டில் குழம்பியவர் என்று எழுதிவிடுவார்கள், பார்க்கவும் பேசவும் முடியாதவர்தான் அவர். பேசும் மொழியும் கூப்பிடும் பெயரும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பையின் மேலேயே வையுங்கள்.

2021 ஜூலைக் கலவரத்தில் டர்பன் சுற்றுவட்டாரத்தில் கடைகளும் மருந்துக்கடைகளும் சூறையாடப்பட்டு, ரொட்டிக்கே மணிக்கணக்கில் நின்ற அந்த வாரத்தில், ஏழு நாள் முன்னால் வட்டம் போட்டவர்களிடம் மாத்திரை இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 17 அன்று, அறுபது கடந்தவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியிருந்தது. ஃபைசரின் இரண்டு ஊசிக்கு அப்போது 42 நாள் இடைவெளி விட்டார்கள். பதிவுக்கு 13 இலக்க அடையாள எண் தேவைப்பட்டது, பேரப்பிள்ளைகள் போனில் போட்டுக்கொடுத்தார்கள்.

பிறகு வெளியே போகும் நாள் வந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. மாதக்கணக்கில் ரப்பர் செருப்பில் இருந்த கால் வீங்கி அகன்றிருக்கும், பழைய ஷூ கடிக்கும். சர்க்கரையால் மரத்த காலுக்குக் கடிப்பது தெரியாது, புண்ணாகி விரல் போகும். சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், ஷூவுக்குள் கையை விட்டுக் கல்லோ மடிப்போ இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். முதல் நாள் வீட்டுக்குள் 15 நிமிடம் மட்டும். கழற்றியபின் தரையில் கண்ணாடியை வைத்து அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் அரை மணியில் மறையாவிட்டால் அந்த ஷூ இனி ஆகாது. பிறகு வாசல் படி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலியுள்ள கால் முதலில். முதல் நாள் ஐந்து படி, மறுநாள் ஏழு. துணைக்கு வருபவர் ஏறும்போது ஒரு படி பின்னாலும் இறங்கும்போது ஒரு படி முன்னாலும், எப்போதும் கீழ்ப்பக்கத்தில் நிற்கட்டும். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், கம்பியை ஆயாவே பிடித்துக்கொள்வார்.